கிஃப்ட் கார்டு உறை: 102 வெட்டினேன், 18 மட்டும் மடிப்பில் வெடித்துவிட்டது

பாளை மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் வேலை பார்க்கும் சித்தி மகள் மூலமாக ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. பொங்கலுக்கு அவர்கள் ஆபீஸில் எல்லாருக்கும் கிஃப்ட் கார்டு கொடுக்கிறார்கள். அதை வைத்துக் கொடுக்கக் கையால் செய்த உறை 100 வேண்டுமாம். இதுவரை பத்து, பதினைந்து என்றுதான் செய்திருக்கிறேன். இவ்வளவு பெரிய ஆர்டர் இதுதான் முதல் தடவை.

செய்முறை இதுதான். 99 மி.மீ. அகலம், 210 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு. கீழே இருந்து 50 மி.மீ. உள்பக்கமாக மடித்தால் பை. அதற்கு மேல் 80 பின்பக்கம், அடுத்த 80 முன்பக்கம். பையின் இரண்டு ஓரமும் 5 மி.மீ. ஒட்டிவிட்டால் உள்ளே 89 மி.மீ. இடம் கிடைக்கும். கிஃப்ட் கார்டு ஏடிஎம் கார்டு அளவுதான், 85.6 அகலம், 54 உயரம். பைக்குள் போட்டால் மேலே 4 மி.மீ. தெரியும், விரலால் பிடித்து இழுக்க அது போதும்.

அட்டை 56-க்கு 71 செ.மீ. பெரிய ஷீட், 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை 250 கிராம்). ஒரு பக்கம் மெரூன், உள்ளே வெள்ளை. ஆறு ஷீட்டில் 102 துண்டு வெட்டினேன். காலி ரீஃபிலால் கோடு அழுத்தி மடித்தேன். 84 அழகாக வந்தது. 18 மட்டும் மடிப்பு நெடுக வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது, மார்கழிப் பனியில் உதடு வெடித்த மாதிரி. ஒரே அட்டை, ஒரே கட்டர், ஒரே கை. கடையில் கேட்டால் "பழைய ஸ்டாக்கா இருக்கும்" என்கிறார். பழைய ஸ்டாக் என்றால் எல்லாம்தானே வெடிக்க வேண்டும்? இன்னும் 20 நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் தறி:
மாடியில் வெயிலில் ஏதும் வைத்தீர்களா அக்கா? காய்ந்த அட்டை முறியத்தான் செய்யும். நெய்வதற்கு முன்னால் பாவு நூல் ரொம்பக் காய்ந்திருந்தால் அறுந்துகொண்டே போகும், அதுபோல இருக்கலாம்.

பாளை மாடிவீடு:
இல்லை தம்பி, எல்லாம் கட்டிலுக்கு அடியில் பாயில் சுற்றித்தான் வைத்திருந்தேன்.

அம்பை டீச்சர்:
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்யும் வாழ்த்து அட்டையிலும் இது வரும். சிலது வெடிக்கும், சிலது வெடிக்காது. நான் அதே கலர் ஸ்கெட்ச் பேனாவால் மேலே ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். ஆனால் விலைக்குக் கொடுக்கும் பொருளில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. காரணத்தை நானும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

டவுன் பைண்டர்:
தாயி, ஒரு கேள்வி. ஒரு ஷீட்டில் 17 துண்டு எடுத்திருக்கிறீர்கள். அதில் 14 ஒரு திசையிலும், கடைசியில் மிஞ்சிய பட்டையில் 3 திருப்பிப் போட்டும் வெட்டினீர்களா?

கணக்குப் போட்டுத்தான் கேட்கிறேன். 560 மி.மீ. பக்கத்தில் 210 இரண்டு தடவை போகும், 140 மிஞ்சும். 710 பக்கத்தில் 99 ஏழு தடவை போகும். ஆக 14. மிஞ்சிய 140-க்கு 710 பட்டையை வீணாக்க மனம் இல்லாமல் துண்டைத் திருப்பி வைத்தால் இன்னும் 3 கிடைக்கும். ஆறு ஷீட்டுக்கு ஆறு மூன்று 18. உங்களிடம் வெடித்ததும் 18.

பாளை மாடிவீடு:
அண்ணாச்சி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், 3 திருப்பித்தான் வெட்டினேன். வெடித்த எல்லாவற்றையும் இப்போது எடுத்துப் பார்த்தேன், எல்லாம் அந்தப் பட்டையில் வந்ததுதான். இரண்டு நாளாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

டவுன் பைண்டர்:
கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நெல்லை டவுனில் 31 வருடம் பைண்டிங் மேசையில் நின்றவன் நான். கணக்குப் புத்தகம், பள்ளிக்கூட ரிக்கார்டு நோட்டு, கல்யாண அழைப்பிதழ் என்று எல்லாம் கை வழியாகப் போயிருக்கிறது. பேப்பரில் முதலில் பார்க்க வேண்டியது நிறமோ கனமோ இல்லை, நார் ஓடும் திசை. பிரஸ்ஸில் கிரெயின் என்பார்கள்.

மில்லில் கூழ், ஓடிக்கொண்டே இருக்கும் கம்பி வலை மேல் விழுகிறது. வலை போகிற திசையிலேயே நாரும் பெரும்பாலும் படுத்துவிடும், ஆற்று வெள்ளத்தில் கோரை சாய்ந்து கிடப்பது போல. நார் ஓடும் திசையோடு மடித்தால் நாருக்கும் நாருக்கும் இடையில் மடிப்பு விழுகிறது. குறுக்கே மடித்தால் ஒவ்வொரு நாரையும் முறித்துத்தான் மடிப்பு விழும். 70, 80 ஜிஎஸ்எம் பேப்பரில் இது தெரியாது. 200-க்கு மேல் போனால் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் மேலே மட்டும் கலர் பூசிய அட்டை என்றால், பூச்சு பிளந்ததும் உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே வரும்.

திசையைக் கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. ஷீட்டை மேசையில் வைத்து, மடிக்காமல், வளைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்கிப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. எது இலகுவாக வளைகிறதோ அந்த மடிப்புக்கோடு ஓடும் திசைதான் நார். அடுத்தது கிழித்துப் பார்ப்பது. நாரோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் பல் பல்லாகப் போகும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு இஞ்சு சதுரத் துண்டை எடுத்து ஒரு பக்கம் மட்டும் ஈரக் கையால் தடவுங்கள். கண் முன்னாலேயே சுருண்டு குழல் மாதிரி ஆகும். குழல் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நார் ஓட்டம். நார் தண்ணீர் குடித்தால் நீளத்தில் அவ்வளவாக வளராது, தடிமனில்தான் ஊதும். அதனால்தான் அப்படிச் சுருள்கிறது.

உங்கள் ஷீட்டில் நார் 710 நீளத்தோடு ஓடுகிறது. முதல் 14 துண்டில் மடிப்பு 710 பக்கத்தோடு விழுந்தது, நல்லதாகப் போயிற்று. திருப்பிய 3-இல் குறுக்கே விழுந்தது.

இன்னொன்று. ரீஃபிலால் கோடு அழுத்துவது எந்தப் பக்கம்? பலரும் உள்பக்கம் அழுத்தி, பள்ளம் விழுந்த பக்கமாகவே மடிக்கிறார்கள். நாங்கள் கிரீஸிங் செய்வது அதற்கு நேர் எதிர். வெளியே தெரியப்போகிற மெரூன் பக்கத்தில் அழுத்த வேண்டும், அடியில் இரண்டு நியூஸ்பேப்பரை மடித்துப் போட்டுக்கொண்டு. அப்போது வெளியே பள்ளம், உள்ளே மேடு. மடிக்கும்போது மேடு உள்ளே போகும்படி மடியுங்கள். பூச்சு இழுபடாது. மடித்த பிறகு ஸ்பூன் முதுகால் ஒரு தேய்ப்பு, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பளபளப்பு ஏறிவிடும்.

பாளை மாடிவீடு:
நான் உள்பக்கம்தான் அழுத்தினேன் அண்ணாச்சி. இப்போது ஒரு துண்டில் நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். மடிப்பு ஒரு கோடாக நிற்கிறது. வெடித்த 18-ஐ ஏதாவது செய்ய முடியுமா?

டவுன் பைண்டர்:
முடியும். கணக்குப் புத்தக முதுகில் துணிப் பட்டை பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். பழைய பருத்திச் சேலைக் கரையில் 15 மி.மீ. பட்டை வெட்டி, இரண்டு மடிப்பின் மேலும் ஒட்டுங்கள். பட்டையைப் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் வைத்து, மடிப்பை மூடிய நிலையில் ஒட்டுங்கள். விரித்து வைத்து ஒட்டினால் மூடும்போது துணி இழுக்கும்.

பசை மைதாவில் காய்ச்சியதாக இருக்கட்டும். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், அப்போது இறக்க வேண்டும். ஆறிய பிறகுதான் தடவ வேண்டும். பட்டறையில் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவோம். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், அது விஷம், பிள்ளைகள் நடமாடும் இடம். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

மிஞ்சிய 140 மி.மீ. பட்டையை இனிமேல் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டாம். 140-க்கு 100 அளவில் வெட்டினால் ஒரு பட்டையில் 7 கிடைக்கும். இரண்டாக மடித்தால் 70-க்கு 100 குட்டி அட்டை. மடிப்பு நாரோடுதான் விழும்.

சிவகாசி கட்டிங்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பிரஸ்ஸில் மிஞ்சும் கட்டிங் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். காலண்டர் அட்டை, ஐவரி போர்டு, மேட் லேமினேஷன் போட்டது எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து வரும். கைவேலை செய்பவர்கள் அதை ஆசையாக வாங்கிப் போவார்கள். அதில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசையில் வெட்டியதாக இருக்கும். மூட்டையைப் பிரித்ததும் ஈரக் கையோடு சோதித்து, பின்பக்கம் பென்சிலால் நார் ஓடும் திசையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான், வருடம் முழுக்க உதவும். முழு ஷீட் வாங்கினால் லாங் கிரெயினா (நார் நீளப் பக்கத்தோடு ஓடுவது) ஷார்ட் கிரெயினா (அகலப் பக்கத்தோடு ஓடுவது) என்று கேட்டே வாங்குங்கள்.

மேலப்பாளையம் தறி:
நான் நினைத்தது தப்பாகிவிட்டது, ஆனால் நல்ல விஷயம் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு சந்தேகம். பெருநாளைக்கு எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் புது நோட்டாகப் பெருநாள் காசு கொடுப்போம். வாப்பா ஒரு வாரம் முன்பே புது பத்து ரூபாய்க் கட்டு வாங்கி வைத்துவிடுவார். அதை இதே உறையில் வைக்கலாமா? நம் ஊர்ப் பக்கம் கிஃப்ட் கார்டு கொடுப்பவர்களைவிடப் பணமாகக் கொடுப்பவர்கள்தானே அதிகம்?

பாளை மாடிவீடு:
தம்பி, இதை நானும் அளந்து பார்த்தேன். புது 500 ரூபாய் நோட்டு 150-க்கு 66 மி.மீ., 100 ரூபாய் 142-க்கு 66, 10 ரூபாய் 123-க்கு 63. எதையும் ஒரே ஒரு தடவை மடித்தால் 75-க்கு 66-க்குள் அடங்கிவிடும். என் பைக்குள் 89 அகலம் இருக்கிறது. உயரத்தில் 16 மி.மீ. வெளியே நிற்கும், ஆனால் முன்பக்கம் 80 என்பதால் மூடினால் தெரியாது. கார்டுக்கும் நோட்டுக்கும் ஒரே அளவு உறை போதும். இது தற்செயலாக அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மொய்க்கு என்றால் ஒற்றை ரூபாய் இல்லாமல் 501 ஆகாது. கடையில் விற்கும் மொய்க் கவரில் நாணயத்தை மேலே ஒட்டியிருப்பார்கள். நான் பையின் வெளிமுகத்தில் பிறை மாதிரி எதிரெதிரே இரண்டு கீறல் போட்டு நாணயத்தைச் செருகுகிறேன். இப்போது வரும் ஒரு ரூபாய் 20 மி.மீ., அதற்கு முந்தையது கிட்டத்தட்ட 22. அதனால் கீறலுக்கு நடுவே 18 விட்டால் இரண்டும் நிற்கும். நோட்டில் மட்டும் யாரும் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். வாங்குபவர் பிய்த்து எடுக்கும்போது கிழிந்துவிடும்.

உடன்குடி ஓலை:
அக்கா, மெரூன் அட்டைக்குப் பனங்குருத்தோலை வைத்துப் பாருங்கள், பொன் நிறமாக எடுத்துக்காட்டும். எங்கள் வீட்டில் ஓலைப்பெட்டி முடைவது மூன்று தலைமுறை வேலை. மணப்பாட்டில் முடையும் சின்னப் பெட்டிகளைப் பார்த்தால் எவ்வளவு மெல்லிசாக ஓலையைக் கிழிக்க முடியும் என்று தெரியும். அட்டைக்கு 3 மி.மீ. அகலம் போதும். வேலைக்கு முன்னால் ஓலையை ஈரத்துணியில் இரவு முழுக்கச் சுற்றி வையுங்கள், காய்ந்த ஓலை திரும்பும் இடத்தில் ஒடியும். ஆனால் ஈரத்தோடு ஒட்டிவிடாதீர்கள். பின்னி முடித்து நிழலில் ஒரு நாள் காயவைத்து அப்புறம்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் நாலாம் நாள் கறுப்புப் புள்ளி விழும். இந்த மழைக்காலத்தில் நிச்சயம் விழும்.

அட்டை மடியும் இடத்தின் மேல் ஓலையைக் கொண்டுபோகவே கூடாது. முன்பக்கத்தின் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்பை டீச்சர்:
பத்தமடைப் பாய்த் துண்டு வைத்து நான் செய்திருக்கிறேன். ஓரம் வெட்டியதும் கோரை உதிரத் தொடங்கிவிடும். வெட்டப்போகும் கோட்டில் முதலில் ஃபெவிக்கால் தடவி, காய்ந்த பிறகு அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினால் உதிராது. பிறகு ஊசி நூலால் நாலு மூலையும் தைத்துவிடுங்கள், பசையை நம்ப வேண்டாம்.

எழுத்து விஷயம். அட்டையில் எழுத்தை வெட்டி எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு என் அனுபவம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். சுழியை முழுதாக வெட்டினால் உள்வட்டம் கையோடு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுழியிலும் 2 மி.மீ. வெட்டாமல் பாலம் விட வேண்டும். புள்ளியைக் கத்தியால் வெட்டாதீர்கள். ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் போட்டால் சுத்தமாக விழும். உள்ளே மஞ்சள் தாள் ஒட்டினால், ல், ழ், த், ள் நான்கு புள்ளியும் விளக்கு ஏற்றிய மாதிரி தெரியும். "நல்வாழ்த்துகள்" என்று நான் எழுதுவதால் நான்கு.

சிவகாசி கட்டிங்:
டீச்சர், நாங்கள் அச்சடிப்பதெல்லாம் "வாழ்த்துக்கள்" என்றுதான். கஸ்டமரும் அப்படியே கேட்கிறார்கள்.

அம்பை டீச்சர்:
தெரியும் தம்பி. எழுத்து என்ற சொல்லை "எழுத்துகள்" என்றுதானே பன்மையில் எழுதுகிறோம். வாழ்த்தும் அதே வரிசைதான். கையால் ஒன்று ஒன்றாக வெட்டும் அட்டையிலாவது சரியாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். ஓர் எழுத்து மிச்சமாவது வேறு.

ஸ்ரீவைகுண்டம் ஆற்றங்கரை:
இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பொங்கல் அட்டைக்கு வாங்கி வைத்த ஷீட்டெல்லாம் அலமாரிக் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தால் செங்கல் மாதிரி ஒட்டிப்போன ஒரே கட்டி, சேறு வாடை.

அம்மா தூக்கிப் போடச் சொன்னாள். நான் நடுவில் சேறு ஏறாத பகுதியை மட்டும் பிய்த்து, நாலைந்து தண்ணீரில் அலசி, இரண்டு நாள் ஊறவைத்து மிக்ஸியில் அடித்தேன். மிக்ஸி கரண்ட் வந்த பிறகுதான், அதற்கே பல நாள் ஆனது. பழைய போட்டோ சட்டத்தில் கொசுவலையை இறுக்கி ஆணி அடித்து, பிளாஸ்டிக் டப்பில் கூழைக் கரைத்து, சட்டத்தை அடியில் விட்டு மட்டமாகத் தூக்கினேன். முதல் பத்துத் தாள் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் ஓட்டை. தூக்கும்போது முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒவ்வோர் அசைப்பு கொடுத்த பிறகுதான் சமமாக வந்தது. அப்பாவின் பழைய வேட்டியில் கவிழ்த்து, பலகை போட்டு மேலே ஆட்டுக்கல் குழவியை வைத்துத் தண்ணீரை இறக்கினேன்.

காய்ந்த தாளில் பேனா வைத்தால் மை பரவியது. இரண்டாம் தடவை சோறு வடித்த கஞ்சியைத் தண்ணியாக மேலே தடவிக் காயவைத்தேன். பரவவில்லை. கடையில் விற்கும் கைக்காகிதம் வெள்ளைப் பனியன் கட்டிங்கில் செய்வதால் நார் நீளம், உரம் அதிகம். அடித்த பேப்பரைத் திரும்ப அடித்தால் நார் குட்டையாகிவிடும். அதனால் என் தாள் மடிப்பு தாங்கவில்லை. மடிக்கும் அட்டை மேல் முகப்பாக மட்டும் ஒட்டினேன். அந்தப் பொங்கலுக்கு 22 அட்டை அனுப்பினேன்.

டவுன் பைண்டர்:
நீங்கள் நாலு பக்கமும் அசைத்தீர்களே, அதனால்தான் கைக்காகிதத்தில் நார் ஒரே திசையில் படுப்பதில்லை. எப்படி மடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்த 22-இல் ஒன்று என் கைக்கு வந்திருந்தால் பத்திரமாக வைத்திருப்பேன்.

மேலப்பாளையம் தறி:
கலருக்கு மஞ்சள் சேர்க்கலாமா அண்ணா?

ஸ்ரீவைகுண்டம் ஆற்றங்கரை:
சேர்த்தேன், சொல்ல மறந்துவிட்டேன். முதலில் அருமையாக இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சில வாரத்தில் வெளிறிவிடும். சோப்புக் கையோடு தொட்டால் அந்த இடம் சிவந்துவிடும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே, அதே காரணம். வெங்காயத் தோலை வேகவைத்த தண்ணீர் பரவாயில்லை.

அம்பை டீச்சர்:
தபாலில் அனுப்புபவர்கள் எடையைப் பாருங்கள். சாதாரணத் தபால் முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். 250 ஜிஎஸ்எம்மில் ஏ5 அளவு அட்டை ஏறக்குறைய 8 கிராம், கவர் 4 கிராம். ஓலையும் துணியும் அடுக்கிக்கொண்டே போனால் 20-ஐத் தாண்டும். தபால் ஆபீஸில் நிறுத்துப் பார்த்துவிட்டே தபால்தலை ஒட்டுங்கள். குறைவாக ஒட்டினால் வாங்குபவரிடம்தான் காசு கேட்பார்கள்.

பாளை மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். 84 நல்லதாக இருந்தது. வெடித்த 18-க்கும் ஆச்சியின் பழைய சேலைக் கரையை ஒட்டினேன். 11 நன்றாக வந்தது. 7-இல் பசை துணி வழியாக ஊறி மேலே கறை தெரிந்தது, மைதாவை ஆறவிடாமல் தடவிவிட்டேன். ஆக 95. இன்னொரு ஷீட் வாங்கி, கடையிலேயே மூலையில் ஒரு துண்டு கிழித்து எச்சில் தொட்டுச் சுருள்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுத்தேன். அதில் 14 மட்டும் வெட்டினேன். 109 கையில் இருக்கிறது.

குருத்தோலையை முன்பக்கத்தில் சின்னதாக நாலு கட்டம் பின்னி வைத்திருக்கிறேன், இரண்டு நாள் காயவைத்து. நேற்று வீட்டுக்கு வந்த மைனி சேலைக் கரை வைத்ததில் ஒன்றைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் சடங்குக்கு அந்த மாதிரி 30 வேண்டுமாம்.

அண்ணாச்சி, அதற்கு ஒரு கேள்வி. வெடிக்காத அட்டையில் துணி ஒட்டினால் மடிப்பு தடித்து மூடாமல் நிற்கிறது. பட்டையின் அகலத்தைக் குறைக்கவா, அட்டையை 200 ஜிஎஸ்எம்முக்கு இறக்கவா?

டவுன் பைண்டர்:
அட்டையை இறக்குங்கள். பட்டை 15 அப்படியே இருக்கட்டும். துணியின் நெசவும் மடிப்போடு நேராக ஓட வேண்டும், சாய்த்து வெட்டினால் இழுத்துக்கொண்டு போகும். ஒட்டியதும் பலகைக்கு அடியில் ஓர் இரவு.